யாழ்ப்பாணத்திலிருந்து மலை ஏறப் போகிறீர்களா? ஏறி, பத்திரமாக இறங்கி வர ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலையின் பெயரில் மட்டும் ஒரு மலை இருக்கிறது. பருத்தித்துறையிலிருந்து யாழ் நகர் வரை சைக்கிள் ஓடினாலும் ஏற்றம் என்று ஓரிடத்திலாவது இறங்கித் தள்ள வேண்டி வராது, அப்படிப்பட்ட சமதரையில் வளர்ந்த கால்கள் நம்முடையவை. அதனால்தானோ என்னவோ மலை என்றால் நமக்கு அவ்வளவு ஆசை. மார்கழி விடுமுறை தொடங்கினால் போதும், கொக்குவிலிலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் பெடியன்கள் சேர்ந்து ஒரு வான் பிடித்து, இரவிரவாக ஏ9 வீதியால் ஓடி, விடியும் முன் சிவனொளிபாதமலை அடிவாரத்தில் இருக்கும் நல்லதண்ணியில் இறங்கி, நித்திரை கொள்ளாமலே ஏறத் தொடங்கிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பிறகு ஒன்பது வருடமாக ஒவ்வொரு வருடமும் ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். நான் பார்த்த வரையில் எங்கள் ஆட்கள் சிக்கலில் மாட்டியது மலை உயரம் என்பதால் இல்லை. இலங்கையின் மிக உயர்ந்த பீதுருதாலகாலையே 2524 மீட்டர்தான், இமயமலையில் வருகிற உயர நோய் இங்கே பயப்படும் அளவுக்கு வராது. எப்படி ஏறுவது என்று பத்து நாள் கதைத்துவிட்டு எப்போது திரும்புவது என்று ஒரு நிமிடம்கூடக் கதைக்காமல் போவதுதான் மாட்டிவிடுகிறது. ஆகவே கீழே சொல்லும் எல்லாவற்றையும் திரும்பி வருவதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதலில்: எந்த மலை, எந்த மாதம்

புதிதாகப் போகிறவர்கள் நேரே நக்கிள்ஸ் காட்டுக்குள் கூடாரம் அடிக்கப் போகாதீர்கள். எல்லவில் இருக்கும் சின்ன சிவனொளிபாதம் 1141 மீட்டர், ஒரு மணித்தியாலத்துக்குள் ஏறிவிடலாம், கால் என்ன சொல்கிறது என்று பார்க்க நல்ல இடம். அடுத்தது சிவனொளிபாதமலை. 2243 மீட்டர், நல்லதண்ணிப் பக்கத்தால் ஐயாயிரத்துக்கு மேல் படிகள். மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமி வரையான பருவத்தில் வழி முழுக்க வெளிச்சம் இருக்கும், தேத்தண்ணிக் கடைகள் இருக்கும், ஒருவர் மயங்கி விழுந்தாலும் தூக்க நாலு பேர் இருப்பார்கள். போயா தினத்திலும் சனி ஞாயிறிலும் போகாதீர்கள், உச்சிக்குக் கிட்டப் படியில் மணிக்கணக்காக நெரிசலில் நிற்க வேண்டி வரும். பருவம் முடிந்த பிறகு போனால் அது வேறு மலை: விளக்கு இல்லை, கடை இல்லை, காற்றும் மழையும் மட்டும்தான். இரத்தினபுரிப் பக்கத்துப் பாதை இன்னும் நீளமானது, அதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் ஹோர்ட்டன் சமவெளி, கடைசியாக நக்கிள்ஸ்.

மாதத்தைப் பற்றி நம் ஊர் ஆட்கள் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. நமக்குச் சோளகம் என்றால் ஆனி, ஆடியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசுகிற வறண்ட காற்று. மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும் என்று நம் உடம்புக்கே பழக்கம். ஆனால் நமக்குப் புழுதி கொண்டுவரும் அதே சோளகம்தான் மலைநாட்டின் மேற்குச் சரிவில் முட்டி மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் வைகாசி முதல் புரட்டாதி வரை மழையாகக் கொட்டுகிறது. அதேபோல வாடைக்காற்று வீசும் மார்கழி, தையில் நக்கிள்ஸின் கிழக்குப் பக்கமும் ஊவா பக்கமும் நனையும். யாழ்ப்பாணத்து வானத்தைப் பார்த்துவிட்டு நாள் குறிக்காதீர்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரத்தில் இடி மின்னல் அதிகம், அந்த மாதங்களில் மதியத்துக்கு முன்பே திறந்த உச்சியை விட்டு இறங்கிவிட வேண்டும்.

போவதற்கு முதல் நாள் இரண்டு அறிவித்தல்களைப் பாருங்கள். ஒன்று வளிமண்டலவியல் திணைக்களத்தின் வானிலை அறிக்கை. மற்றது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு எச்சரிக்கை. அது மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் வரும். நீங்கள் போகிற பிரதேச செயலகப் பிரிவின் பெயர் செம்மஞ்சளிலோ சிவப்பிலோ இருந்தால் வானுக்குக் கொடுத்த முற்பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2014 ஐப்பசியில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களோடு ஒரு குடியிருப்பே மண்ணுக்குள் போனது. 2025 கார்த்திகைக் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டின் எத்தனையோ சரிவுகள் உடைந்தன. அப்படி உடைந்த இடங்களில் பழைய வரைபடத்தில் இருக்கும் பாதை இன்றைக்கும் இருக்கும் என்று நினைக்காதீர்கள், அந்த ஊர் ஆளிடம் கேட்டுவிட்டே போங்கள்.

கால்களைத் தயார் செய்வது

மலை இல்லாத ஊரில் எப்படிப் பழகுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். வடமராட்சி கிழக்கில் மணற்காட்டு மணல்மேடுகள் இருக்கின்றனவே! அந்த மணலில் ஏறி இறங்கினால் கெண்டைக்கால் எப்படி வலிக்குமோ அதுதான் மலையின் முதல் பாடம். ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் ஒரு மணித்தியாலம் வேகமாக நடக்கலாம், பண்ணைப் பாலத்தால் போய் வந்தாலே போதும். இரண்டு நாள் மாடிப்படி ஏறி இறங்கலாம். மூன்றாவது வாரத்திலிருந்து முதுகுப் பையில் 5 கிலோ அரிசியை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதற்குப் பழகுங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது உடம்பின் பாரம் ஒவ்வொரு படியிலும் முழங்காலில் அடிக்கும், அது நின்றாலும் போகாது. சிவனொளிபாதத்தில் விடியலைப் பார்த்துவிட்டு இறங்குகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள், பாதிப் பேர் பக்கவாட்டில் நண்டு மாதிரித்தான் இறங்குவார்கள். நம் பெரியவர்கள் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் வரை பாதயாத்திரை போகிறவர்கள், நடையில் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது, ஆனால் அது பெரும்பாலும் சமதரை நடை. நடக்கத் தெரிந்த அம்மாவுக்கும் படி இறங்கக் கஷ்டம் வரலாம்.

நாற்பது தாண்டியவர்கள், சீனி வருத்தம், பிரஷர், ஆஸ்துமா உள்ளவர்கள் டொக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். இன்சுலின் போடுகிறவர் அதை மறைக்க வேண்டாம், குழுவில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும், அவருடைய சட்டைப் பையில் எப்போதும் இனிப்பு இருக்க வேண்டும்.

வழிகாட்டியைத் தெரிவு செய்வது

இதில்தான் நேரம் செலவழியுங்கள். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. நாடு முழுக்க வழிகாட்டக்கூடியவர், ஒரு பிரதேசத்துக்கு மட்டும் உரியவர், ஒரு இடத்துக்கு மட்டும் உரியவர் என்று வகைகள் இருக்கின்றன. அட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், நல்ல வழிகாட்டி அதற்குக் கோபிக்க மாட்டார்.

அட்டை மட்டும் போதாது, போனில் பத்து நிமிடம் கதையுங்கள். இந்தப் பாதையில் கடைசியாக எப்போது போனீர்கள்? எந்த மாதம்? எந்த இடத்தில் போன் சிக்னல் போகும், எங்கே திரும்ப வரும்? ஒருவருக்குக் கால் முறிந்தால் எந்தப் பக்கமாகத் தூக்கிக்கொண்டு வருவீர்கள், வாகனம் எங்கே வரைக்கும் வரும்? எத்தனை மணிக்குத் திரும்புவோம்? கடைசிக் கேள்விக்கு “அது உங்கள் விருப்பம், நீங்கள் சொல்லுகிற மாதிரி” என்று பதில் வந்தால் அவரை விட்டுவிடுங்கள். “பதினொன்றரைக்கு எங்கே நின்றாலும் திரும்புவோம் தம்பி” என்று சொல்கிறவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டுப் பேருக்கு ஒரு வழிகாட்டி என்பது என் கணக்கு. அதற்கு மேல் என்றால் இரண்டு பேர் வேண்டும். தோட்டப் பகுதிகளில் தமிழ் பேசும் வழிகாட்டிகள் கிடைப்பார்கள், நக்கிள்ஸ் பக்கம் பெரும்பாலும் சிங்களம்தான், ஆகவே சிங்களம் தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் பாதி விளங்கிய சொல் ஆபத்து. காசில் பேரம் பேசுங்கள், ஆனால் சாப்பாடு, போக்குவரத்து, நுழைவுச் சீட்டு எது யாருடைய பொறுப்பு என்று எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

அனுமதி விஷயம். ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, வனசீவராசிகள் திணைக்களத்தின் கீழ் இருக்கிறது, வாயிலில் நுழைவுச் சீட்டு எடுக்க வேண்டும், பையைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நக்கிள்ஸ் காட்டுக்குள் போகவும் கூடாரம் போடவும் முன்கூட்டியே அனுமதி எடுங்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தக்காரரைக் கூட்டிப்போனால் வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு என்பதை முதலே சொல்லிவிடுங்கள், இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தேசிய அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுவரட்டும்.

பைக்குள் என்ன

குளிரைக் கணக்குப் பாருங்கள். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6.5 பாகை குறையும். யாழ்ப்பாணத்தில் இரவு 25 பாகை என்றால் சிவனொளிபாத உச்சியில் 10 பாகைக்குக் கிட்ட வரும், அதோடு காற்றும் அடித்தால் அதைவிடக் குறைவாகத்தான் உடம்புக்குத் தெரியும். நாங்கள் குளிர்ச்சட்டை வைத்திருக்கிற ஆட்கள் இல்லை, இரவல் வாங்கியாவது கொண்டுபோங்கள். டெனிம் வேண்டாம், நனைந்தால் காயாது. பருத்தி ரீசேட்டும் அப்படித்தான், விளையாட்டு ஜேர்சித் துணி நல்லது. மாற்று உடுப்பு ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிப் பைக்குள் வையுங்கள், ஹோர்ட்டன் சமவெளிக்கு என்றால் அதற்குத் துணிப்பையும் நீர் புகாத உறையும் வேண்டும்.

சப்பாத்து புதிதாக வேண்டாம். வாங்கினால் ஒரு மாதம் ஊரிலேயே போட்டு நடந்து பழகுங்கள். ஆளுக்கொரு டோர்ச், பகல் பயணம் என்றாலும் வேண்டும், போன் வெளிச்சத்தை நம்பாதீர்கள். ஆளுக்கொரு விசில். மழைக்கோட்டு. ஒரு தடி, கடையில் வாங்க வேண்டியதில்லை, வேலியில் வெட்டிய நேரான பூவரசந்தடி போதும், இறங்கும்போது முழங்காலுக்கு அதுதான் மூன்றாவது கால்.

முழுநாள் நடைக்கு ஆளுக்கு 3 லீற்றர் தண்ணீர், இரண்டு பைக்கற் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்). சாப்பாட்டில் நம் ஊரை மிஞ்ச ஏலாது: பனங்கட்டி, எள்ளுப்பாகு, பொரிவிளாங்காய், பருத்தித்துறை வடை. பழுதாகாது, பாரமில்லை, பனங்கட்டித் துண்டொன்று வாயில் போட்டால் சோர்ந்த ஆளுக்கு உடனே தெம்பு வரும். சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு போய் நடுவழியில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏற வேண்டாம்.

புறப்படும் முன் நேரக் கணக்கு

1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு கணக்குச் சொன்னார், இன்றைக்கும் அதைத்தான் மலைக்காரர்கள் பாவிக்கிறார்கள்: ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு மணித்தியாலம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணித்தியாலம். அது பழகிய கால்களுக்கு. நமக்கு அதை இரண்டால் பெருக்குங்கள். கிரிகல்பொத்தை மலை உச்சிக்கு ஹோர்ட்டன் சமவெளியிலிருந்து ஒரு வழிக்குச் சுமார் 7 கிலோமீட்டர், போய் வர 14. கணக்குப் பார்த்தால் ஏற்றத்தையும் சேர்த்து நமக்கு ஏழு மணித்தியாலம் வரும். காலை ஏழுக்குத் தொடங்கினால் இரண்டு மணிக்கு வெளியே வரலாம். மாலை ஆறரைக்கு இருட்டும் நாட்டில் அந்த மிச்ச நேரம்தான் உங்களுடைய காப்பு, அதைப் படம் எடுத்துச் செலவழிக்காதீர்கள்.

வீட்டில் ஒருவரிடம் பாதையின் பெயர், வழிகாட்டியின் எண், வான் சாரதியின் எண், வெளியே வரும் நேரம் நாலையும் எழுதிக் கொடுங்கள். இந்த நேரத்துக்கு அழைப்பு வராவிட்டால் 119-க்கு எடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அம்புலன்சுக்கு 1990, இலவசம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. அம்புலன்ஸ் வீதி வரைதான் வரும், வீதி வரை கொண்டுவருவது உங்கள் குழுவின் வேலை.

அப்புறம் முக்கியமானது: இரவிரவாக வானில் வந்து அப்படியே ஏறாதீர்கள். ஹட்டனிலோ நல்லதண்ணியிலோ ஒரு அறை எடுத்து ஐந்து மணித்தியாலமாவது படுங்கள்.

பாதையில்

வழிகாட்டி முதலில், அவருக்குப் பின்னால் குழுவிலேயே மெதுவாக நடக்கிறவர், கடைசியில் அனுபவம் உள்ள ஒருவர். அந்தக் கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் இல்லை, வழிகாட்டிக்கு முன்னாலும் யாரும் இல்லை. பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நின்று தலை எண்ணுங்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நாலு வருடத்துக்கு முன் கிரிகல்பொத்தைக்குப் பதினொரு பேர் போனோம். இரண்டு பெடியன்கள் நல்ல ஓட்டக்காரர்கள், முன்னால் போய் நிற்கிறோம் என்றார்கள், நான் தடுக்கவில்லை. அது என் பிழை. பத்து மணிக்குப் பனி இறங்கியது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டி அண்ணர் எண்ணினார், ஒன்பது பேர். ஒரு இடத்தில் பாதை பிரிந்திருந்தது. இடது பக்கம் போனது மரைகள் நடந்து நடந்து உண்டான தடம், அது மனிதப் பாதையைவிட அகலமாகவும் தெளிவாகவும் இருந்தது. அண்ணர் குனிந்து, மடிந்து கிடந்த புல்லைத் தொட்டுப் பார்த்தார், சேற்றில் சப்பாத்து அடி இருந்தது. எங்களை அந்த இடத்திலேயே உட்காரச் சொல்லிவிட்டு விசிலை ஊதினார், நின்று கேட்டார், திரும்ப ஊதினார். நாற்பது நிமிடம். பிறகு தூரத்தில் டிங், டிங் என்று ஒரு சத்தம். அவர்களிடம் விசில் இல்லை, வெறும் ஸ்டீல் போத்தலைக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

கூட்டிவந்தபோது ஒருவனுக்குப் பல்லு அடித்துக்கொண்டிருந்தது, மழைக்கோட்டின் பொத்தானைப் பூட்ட அவனால் முடியவில்லை, விரல்கள் பிடிக்கவில்லை. கேட்டதற்குக் குழறிக் குழறிப் பதில் சொன்னான். அண்ணர் ஒரு கேள்வியும் கேட்காமல் நனைந்த ரீசேட்டைக் கழற்றித் தன்னுடைய காய்ந்த சுவெட்டரை மாட்டிவிட்டு, தொப்பி போட்டு, பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியில் சீனியைக் கூட்டிப் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தார். கையைத் தேய்த்துவிடப் போன என்னையும் வேண்டாம் என்றார். உச்சிக்கு ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. “திரும்புவோம்” என்றார். ஒருவரும் எதிர்த்துக் கதைக்கவில்லை. வான் வரை அந்தப் பெடியனை நடுவில் விட்டு நடந்தோம்.

அந்த அறிகுறிகளை மனப்பாடம் செய்யுங்கள்: நடுக்கம், கைவிரல் வேலை செய்யாமை, பேச்சுக் குழறல், தடுமாறிய நடை. நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலே நடுக்கம் நின்றால் அது நல்ல செய்தி இல்லை, உடனே உதவி கூப்பிடுங்கள்.

வழி தவறினால் நில்லுங்கள். ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பது மலைநாட்டில் சரிவராது, ஓடை போய் நீர்வீழ்ச்சியின் தலையில் நிற்கும். நின்ற இடத்திலேயே காய்ந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, நிமிடத்துக்கு ஆறு தரம் விசில் ஊதி, ஒரு நிமிடம் விட்டு, திரும்ப ஊதுங்கள்.

ஹோர்ட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ என்று சொல்லும் செங்குத்து விளிம்பில் பள்ளம் 870 மீட்டர் அளவு. விளிம்பில் கல் ஈரமாக இருக்கும், புல்லுக்குக் கீழே மண் இருக்காது. படம் எடுக்கிறவர் பின்னால் ஒரு அடியும் வைக்கக் கூடாது. ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேர்ந்தால் காட்சி கிடைக்கும், பிறகு மூடுபனிதான், ஆகவே வாயில் திறக்கும் ஆறு மணிக்கே நில்லுங்கள்.

ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் குளிப்பது பற்றி ஒரு சொல். கீரிமலைக் கேணியில் நீந்தத் தெரிந்தால் மலை ஆற்றில் நீந்தத் தெரியும் என்று அர்த்தம் இல்லை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் மழை பெய்திருக்கலாம். தண்ணீர் கலங்கினால், சருகு மிதந்து வந்தால், இரைச்சல் மாறினால் அந்த நொடியே கரை ஏறுங்கள்.

அட்டை, குளவி, பாம்பு

அட்டை ஆளைக் கொல்லாது. காற்சட்டையைக் காலுறைக்குள் விட்டுக் கட்டுங்கள். கடித்துவிட்டால் நெருப்பு வைக்காதீர்கள், நகத்தால் அதன் மெல்லிய நுனிப் பக்கம் தள்ளி எடுங்கள். இரத்தம் உறையாமல் கொஞ்ச நேரம் வடியும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

குளவி அப்படி இல்லை. கொழுந்து எடுக்கும் பெண்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரியில் சேர்ந்த செய்தி வராத மாதமே இல்லை எனலாம். தேயிலை மலையில் கத்தாதீர்கள், மரத்துக்குக் கல் எறியாதீர்கள், புகை மூட்டாதீர்கள். கலைந்துவிட்டால் முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொண்டு ஓடுங்கள், நின்று கையால் அடிக்காதீர்கள். பல இடத்தில் கொட்டினாலோ, உதடு வீங்கி மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் 1990.

பாம்பு கடித்தால் நம் ஊரில் புடையனுக்குச் செய்வதையேதான் இங்கும் செய்ய வேண்டும்: வெட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், மோதிரம், மணிக்கூட்டைக் கழற்றி, காலை அசைக்காமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஈரக்காட்டுச் சருகுக்குள் கிடக்கும், மூக்கு மேல்நோக்கித் தூக்கிய சின்ன விரியனை யாரும் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் அது சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, இங்கே கொடுக்கும் இந்திய விஷமுறிவு மருந்து அதற்கு வேலை செய்யாது. வைத்தியரின் கண்காணிப்புத்தான் மருந்து. குந்துகிற இடத்தைத் தடியால் தட்டிப் பார்த்துவிட்டுக் குந்துங்கள்.

இறங்கிய பிறகு

வீட்டுக்கு அழைத்து வெளியே வந்துவிட்டோம் என்று சொல்லுங்கள், சிக்னல் கிடைத்தவுடன் செய்யும் முதல் வேலை அதுதான். உடுப்பை மாற்றும்போது அக்குள், இடுப்பு, முழங்காலின் பின்பக்கம் எல்லாம் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அன்றிரவே யாழ்ப்பாணத்துக்கு வானைத் திருப்பாதீர்கள். நீங்கள் ஏறியபோது சாரதியும் வடிவாக நித்திரை கொண்டிருக்க மாட்டார், கனகராயன்குளம் தாண்டி விடியற்காலையில் நேரான வீதியில் கண் சொக்குவது மலையைவிடப் பயங்கரம். கண்டியில் ஒரு இரவு தங்கி வாருங்கள்.

வந்து இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் டெங்கு என்று மட்டும் நினைத்திருக்க வேண்டாம். காட்டுக்குள் நடந்தேன், ஓடையில் இறங்கினேன், உண்ணி கடித்தது என்று டொக்டரிடம் நீங்களே வாயைத் திறந்து சொல்லுங்கள். எலிக்காய்ச்சலும் உண்ணியால் வருகிற காய்ச்சலும் அப்படிச் சொன்னால்தான் அவருக்கு முதலிலேயே யோசனைக்கு வரும்.